கடையில் எடுப்பதை விட்டு நாமே தைத்துக்கொள்ளலாமா?

கேட்டவர் சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கும் ஓர் ஆசிரியை. தினமும் பஸ் ஏறி ஏற்காட்டில் ஒரு பள்ளிக்குப் போய்வருகிறார். மாமியார் கொடுத்த பழைய கால்மிதி மெஷின் வீட்டில் சும்மா நிற்கிறது. கடையில் எடுக்கும் குர்த்தி எதுவும் உடம்புக்குச் சரியாக உட்காருவதில்லை. "இனிமேல் ரெடிமேடே வாங்காமல் எல்லாவற்றையும் நானே தைத்துக்கொண்டால் என்ன? நடக்கிற காரியமா, காசு மிச்சமாகுமா, எதிலிருந்து தொடங்குவது?" என்பது கேள்வி.

நடக்கிற காரியம்தான். 'எல்லாவற்றையும்' என்பதை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குர்த்தி, பேன்ட், உள்பாவாடை, நைட்டி, பிளவுஸ், மலைக்குப் போட ஒரு கோட் இவை அத்தனையும் உங்கள் கால்மிதி மெஷினிலேயே தைத்துவிடலாம். பனியன் துணியில் வருகிறவற்றைத் திருப்பூர்க்காரர்களிடமே விட்டுவிடுங்கள். அது இழுபடுகிற பின்னல் துணி. நேர்த்தையல் போட்டால் துணி நீளும், நூல் நீளாது, தலை வழியாகப் போடும்போதே படபடவென்று அறுந்துபோகும். அதற்கு இழுபடுகிற தையல் போடும் ஓவர்லாக், ஃபிளாட்லாக் என்ற தனி மெஷின்கள் வேண்டும். உள்ளாடையும் ஜீன்ஸும் அப்படித்தான், வாங்குவதே மேல்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மெஷினைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். மெஷினில் உட்கார்ந்து ஓட்டுவது கடைசி வேலை, சுலபமான வேலையும் அதுதான். எந்தத் துணியை எடுக்கிறோம், அதை எப்படி நனைக்கிறோம், எப்படி வெட்டுகிறோம் என்பதிலேயே உடுப்பு முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. அதில் சேலத்துக்காரர்களுக்கு இருக்கிற வசதி பல ஊர்க்காரர்களுக்கு இல்லை.

முதலில், கடைக் குர்த்தி உங்களுக்கு ஏன் உட்காரவில்லை என்பதைப் பார்ப்போம். ரெடிமேட் உடுப்பு மார்பு, இடுப்பு, நீளம் என்று நாலைந்து அளவுகளை வைத்து வெட்டப்படுகிறது. 36 மார்பு உள்ள பத்துப் பெண்களை நிறுத்திப் பாருங்கள். ஒருவருக்குத் தோள் இறங்கியிருக்கும், ஒருவருக்கு முதுகு அகலம், ஒருவருக்கு இடுப்பு மேலே ஏறியிருக்கும். நம் கம்பெனிகள் வெகுகாலம் வெளிநாட்டு அளவுப் பட்டியல்களைத்தான் தங்கள் போக்கில் திருத்தி வைத்துக்கொண்டிருந்தன. நம் உடம்புக்கென்று ஒரு பட்டியல் வேண்டும் என்றுதான் ஆடை வடிவமைப்பு சொல்லித்தரும் மத்திய அரசின் நிஃப்ட் நிறுவனம் 'இந்தியா சைஸ்' என்ற அளவெடுப்பைக் கையிலெடுத்தது. ஆறு நகரங்களில் 15 வயது முதல் 65 வயது வரை 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது என்பது திட்டம். எத்தனை நல்ல பட்டியல் வந்தாலும் அது சராசரியின் அளவுதான், உங்கள் அளவு ஆகாது.

அந்த நாலைந்து அளவில் அடங்காமல் போவதில் முக்கியமானது கைக்குழி, அதாவது கைத்துண்டை உடுப்போடு சேர்க்கிற அந்த வளைவு. இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் குறைக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காத நாளில் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அப்போது கடைக் குர்த்தி என்ன செய்கிறது? கையோடு சேர்ந்து உடுப்பே மேலே ஏறும், இடுப்புப் பக்கம் ஸ்லிட் விலகும், தோள் கழுத்தை நோக்கி நகரும். உடனே "கை டைட், கைக்குழியை இன்னும் இறக்கி வெட்டணும்" என்று நினைப்போம். நிஜத்தில் இறக்கினால் இன்னும் மோசமாகும். குழி எவ்வளவு கீழே இறங்குகிறதோ, அவ்வளவுக்குக் கையின் அடிப்பக்கமும் உடுப்பின் பக்கவாட்டும் அக்குளுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கை மேலே போனால் பக்கவாட்டையும் இழுத்துக்கொண்டுதான் போகும். குழி அக்குளை ஒட்டி, ஒரு விரல் இடைவெளியில் முடிந்தால் கை தனியாகத் தூக்கும், உடுப்பு இருந்த இடத்தில் இருக்கும். பல உடம்புக்கும் நுழைய வேண்டுமே என்று கடைக்காரர் குழியை இறக்கி வைக்கிறார். உங்களுக்கு மட்டும் தைக்கும்போது அந்த அவசியம் இல்லை.

கூடவே ஒன்று: கைத்துண்டின் மேல்வளைவு, அதாவது குழியில் போய்ப் பொருந்துகிற அந்தக் குன்று, உயரமாக இருந்தால் கை தொங்கும்போது அழகாக, சுருக்கமில்லாமல் விழும். ஆனால் தூக்கினால் பிடிக்கும். குன்றைத் தணித்து, கையை அகலமாக வெட்டினால் தூக்குவதற்குத் தாராளம், தொங்கும்போது அக்குளடியில் இரண்டு மடிப்பு விழும். கரும்பலகையில் எழுதவும் பஸ் கம்பியைப் பிடிக்கவும் வேண்டியவருக்கு இரண்டாவதுதான் சரி. கல்யாணத்துக்குப் போடுகிற உடுப்பு என்றால் முதலாவது. இந்தத் தீர்மானத்தை உங்களுக்காக எந்தக் கடையும் எடுத்துத் தராது. சொந்தமாகத் தைப்பதில் எனக்குப் பெரிதாகப் படுகிற லாபம் இதுதான், காசு அப்புறம்.

இனி துணி. அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று ஊரைச் சுற்றித் தறிச் சத்தம். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. கைத்தறித் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்க மத்திய அரசின் கல்லூரி 1960லிருந்து இங்கே நடக்கிறது. பள்ளி விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை ஈரோடு ஜவுளிச் சந்தைக்கும் போய்வரலாம். அதனால் தெரிந்தவர் மூலமோ கூட்டுறவுச் சங்கக் கடையிலோ, தறிக்குப் பக்கத்திலேயே துணி எடுக்கப் பாருங்கள்.

பருத்தியில் நூலின் நம்பர் கேளுங்கள். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியது. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் (நூல் கண்டுகள்) எத்தனை வருகின்றனவோ அதுதான் நம்பர். 40ஆம் நம்பர் துணி தினப்படி குர்த்திக்கும் பேன்ட்டுக்கும் கெட்டியாக நிற்கும். 60 மேல்சட்டைக்கு இதம். 80க்கு மேலே போனால் சித்திரை வெயிலுக்குச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே லைனிங் இல்லாமல் போட முடியாது. தொடங்கும்போது வழுக்குகிற துணி எதுவும் வேண்டாம். ரேயான் பார்க்க அழகு, வெட்டும்போது மேஜையில் நெளிந்துகொண்டே இருக்கும்.

இளம்பிள்ளைப் பக்கம் 'சாஃப்ட் சில்க்' என்ற பெயரில் வருகிற சேலைகளில் பெரும்பகுதி செயற்கை இழைதான். அதை வெட்டிக் குர்த்தி தைப்பதில் தப்பில்லை, ஆனால் தெரிந்து எடுக்க வேண்டும். ஓரத்திலிருந்து நாலு இழையை உருவி, சின்ன இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கருப்பாக ஒரு மணி மாதிரி கெட்டியாகும், ஆறும்வரை தொடாதீர்கள். அசல் பட்டு தலைமுடி கருகுகிற நாற்றம் அடிக்கும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும். பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. சேலத்து மே மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பது பெரிய அவஸ்தை.

கட் பீஸ் கடையில் முழுத் துணிச் சுருளிலிருந்து கொடுக்கும்போது, பாப்ளின், கேம்பிரிக் போன்றவை என்றால், "கத்தரி வேண்டாம்ணா, கிழிச்சே குடுங்க" என்று கேளுங்கள். கடைக்காரர் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து 'சர்ர்' என்று கிழிப்பார். அது குறுக்கே ஓடும் ஊடை இழையை ஒட்டியே போகும், கோணாது. கத்தரி போட்டால் கை போன போக்கில்தான் போகும். வீட்டுக்கு வந்து நாலு மூலையையும் சேர்த்து மடித்துப் பாருங்கள். கிழித்த துணியில் மூலை சேரவில்லை என்றால் ஆலையில் முடிக்கும்போதே துணி சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். குறுகிப்போன மூலைகளைப் பிடித்துக் குறுக்காக இழுத்து நேராக்கிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். நீளவாக்கில் ஓடும் பாவு இழை உடம்பின் மேல் சாய்ந்து நிற்கிற உடுப்பு, நாலு துவைப்புக்குப் பிறகு ஒரு பக்கமாகச் சுற்றிக்கொள்ளும். நீங்கள் வாங்கிய குர்த்திகளில் பக்கத் தையல் முன்பக்கம் திரும்பி வந்த ஒன்று நிச்சயம் இருக்கும். காரணம் அதுதான்.

வெட்டுவதற்கு முன் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு இஸ்திரி போடுங்கள். சாதாரணப் பருத்தி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். 44 அங்குல நீளக் குர்த்தியில் நான்கு சதவீதம் என்றால் ஒண்ணே முக்கால் அங்குலம். முழங்காலுக்குக் கீழே நின்றது முழங்காலுக்கு மேலே வந்துவிடும். லைனிங் துணியையும் சேர்த்தே நனையுங்கள், பலர் மறப்பது அதைத்தான். மேல்துணி ஒரு கணக்கில், லைனிங் வேறு கணக்கில் சுருங்கினால் உடுப்பு உள்ளிருந்து இழுத்துப் பிடிக்கும்.

முதலில் என்ன தைப்பது? எல்லோரும் பிளவுஸில் தொடங்க ஆசைப்படுகிறார்கள். அது கடைசி. உள்பாவாடையில் தொடங்குங்கள். 36 அங்குல அகலப் பாப்ளின், நீளத்தின் இரண்டு மடங்கு, ஏறக்குறைய 2 மீட்டர். ஆறு துண்டுப் பாவாடை. மேலே குறுகி கீழே அகன்ற துண்டுகளை ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக அடுக்கி வெட்டினால் துணி வீணாகாது. நாடா கட்டுகிற பாவாடை என்பதால் மேல்சுற்று இடுப்பு அளவுக்கு இருந்தால் போதாது, பிட்டத்தைத் தாண்டி ஏற வேண்டும். சாய்வாக வெட்டிய ஓரத்தை நேரான ஓரத்தோடு சேர்த்துத் தையுங்கள். சாய்வையும் சாய்வையும் சேர்த்தால் அந்தத் தையல் நாளாக நாளாகத் தொங்கி, கீழ்விளிம்பு அலை அலையாகிவிடும். நேர்த்தையல், சாய்வு, பட்டி, கீழ்மடிப்பு என்று அடிப்படை எல்லாம் இந்த ஒரு பாவாடையில் வந்துவிடுகிறது. சேலைக்குள்ளே போவதால் தையல் கோணினாலும் யாருக்கும் தெரியாது.

அப்புறம் குர்த்தி. வரைபடப் புத்தகமெல்லாம் இப்போது வேண்டாம். உங்களிடம் இருப்பதில் ஓரளவு நன்றாக உட்காருகிற ஒன்றை எடுத்து, நடுவில் மடித்து, பழுப்புத் தாளில் வைத்து ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். கைக்குழியை மட்டும் நான் சொன்னபடி உயர்த்தி வரையுங்கள். குழிக்கும் தோளுக்கும் அரை அங்குலம், பக்கவாட்டுக்கு ஒரு அங்குலம் தையலுக்கு விடுங்கள். கழுத்தை நினைத்ததைவிடச் சின்னதாக வெட்டுங்கள். பெரிதாக்குவது ஒரு நிமிட வேலை, சின்னதாக்க வழியே இல்லை. உடம்பின் மார்பு அளவுக்கு மேல் மூன்று நான்கு அங்குலம் தளர்வு வேண்டும்.

அந்தத் தாளை வைத்து நல்ல துணியில் நேராகக் கத்தரி வைக்காதீர்கள். வெளுக்காத மலிவான காடா துணியோ பழைய எட்டு முழ வேட்டியோ எடுத்து, பெரிய பெரிய தையலாகப் போட்டு ஒன்று தைத்து மாட்டிப் பாருங்கள். கண்ணாடி முன் நின்று கையைத் தூக்குங்கள், குனிந்து செருப்பைத் தொடுங்கள், நாற்காலியில் உட்காருங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே பேனாவால் குறித்து, பிரித்து, தாளைத் திருத்துங்கள். திருத்திய தாள்தான் உங்கள் சொத்து. அதற்குப் பிறகு அதே தாளில் எத்தனை குர்த்தி வேண்டுமானாலும் வெட்டலாம், கைநீளமும் கழுத்தும் மட்டும் மாற்றினால் போதும். 44 அங்குல அகலத்தில் முக்கால் கை வைத்த ஒன்றுக்கு இரண்டரை மீட்டர் வேண்டும். ஐந்தரை மீட்டர் பழைய பருத்திச் சேலை ஒன்றில் இரண்டு குர்த்தி எடுக்கலாம், கரையைக் கீழ்விளிம்பில் வரும்படி வைத்தால் மடித்து அடிக்கிற வேலையும் இல்லை.

பாக்கெட் வையுங்கள். பெண்கள் உடுப்பில் கடைக்காரர்கள் மிச்சம் பிடிக்கிற முதல் இடம் பாக்கெட். பக்கத் தையலிலேயே, இடுப்புக்கு மூன்று அங்குலம் கீழே, கை நுழைய ஆறரை அங்குல வாய் விட்டு, அதே துணியிலோ கெட்டியான பாப்ளினிலோ பை வெட்டிச் சேர்த்துவிடலாம். போனும் பஸ்ஸுக்குச் சில்லறையும் அதில் அடங்கும். ஸ்லிட் அதற்குக் கீழேதான் தொடங்க வேண்டும்.

உங்களுக்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. சேலம் கடல் மட்டத்துக்கு மேல் 280 மீட்டர் போல, ஏற்காடு 1,500 மீட்டர் போல. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அதாவது ஒரே நாளில் எட்டு டிகிரி வித்தியாசத்தில் போய்வருகிறீர்கள். கனத்த உடுப்பைத் தேடுவதைவிட, மெல்லிய பருத்திக் குர்த்தியும் அதன் மேல் கழற்றி மாட்டுகிற கையில்லாத கோட்டும்தான் உங்களுக்கு ஏற்றது. சென்னிமலைக் கைத்தறிப் பெட்ஷீட் ஒன்று வாங்கினால் கோட்டும் தைத்து ஒரு பையும் தைக்கலாம். அதே குர்த்தித் தாள் போதும். சுற்றளவில் இரண்டு அங்குலம் கூட்டி, கைக்குழியை அரை அங்குலம் இறக்கி, முன்பக்கம் திறப்பாக வெட்டுங்கள். உள்ளே பழைய பருத்திச் சேலையை இரண்டு மடிப்பாக வைத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒரு ஓட்டுத்தையல் போட்டால் நடுவில் தங்குகிற காற்று குளிரைத் தடுக்கும். ஐப்பசி மழையிலும் பனிமூட்டத்திலும் மட்டும் கனத்த பருத்தி நனைந்தால் மலைமேல் காயவே காயாது. அந்த மாதங்களுக்குக் கம்பளியில் ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெல்ட்டை மாற்றி, தூசி தட்டி, எண்ணெய் விட்டு ஓடவிட்டால் உங்கள் மாமியாரின் மெஷின் இன்னும் பல வருடம் உழைக்கும். மெல்லிய துணிக்கு 11ஆம் நம்பர் ஊசி, குர்த்தித் துணிக்கு 14, பெட்ஷீட்டுக்கு 16. அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல். துணியின் அடியில் நூல் சிக்கி மொத்தையானால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைக் குடைவார்கள், பெரும்பாலும் கோளாறு மேல்நூலில்தான் இருக்கும். எடுத்துவிட்டு முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். ஓவர்லாக், காஜா, சேலைக்கு ஃபால்ஸ் இதற்கெல்லாம் தெருமுனைத் தையல் கடையில் கொடுத்துவிடலாம். அவர்களோடு பழக்கம் வைத்துக்கொள்வது நல்லது, ஒரு சந்தேகம் என்றால் கேட்கலாம்.

காசு விஷயம். முதல் வருடம் மிச்சமாகாது. கத்தரி, நூல், காடா, வீணாகிற துணி எல்லாம் செலவுதான். சந்தையில் கிடைக்கிற மலிவுக் குர்த்தியின் விலைக்குச் சில சமயம் துணிகூட வராது. மிச்சம் வேறு இடத்தில் வரும். லைனிங் வைத்த பிளவுஸுக்கு இப்போது கேட்கிற கூலியை எண்ணிப் பாருங்கள், வருடத்துக்கு எத்தனை தைக்கக் கொடுக்கிறீர்கள் என்றும் பாருங்கள். கடைக் குர்த்தியில் உள்ளே அரை அங்குலம்கூட விடாமல் ஓவர்லாக் அடித்திருப்பார்கள், உடம்பு கொஞ்சம் ஏறினால் தூக்கிப் போட வேண்டியதுதான். நீங்கள் விட்ட ஒரு அங்குலத்தைப் பிரித்தால், நாலு ஓரத்திலும் சேர்ந்து மூன்று அங்குலம்வரை சுற்றளவு கிடைக்கும். அதனால் அந்த உடுப்பு இன்னும் சில வருடம் ஓடும். குழந்தைகள் இருந்தால் பாவாடையில் உள்ளே மடிப்பு வைத்துத் தைத்து, வளர வளரப் பிரித்துவிடலாம்.

கடைசியாகப் பிளவுஸ். அதில் தளர்வு ஒன்றிரண்டு அங்குலம்தான், உடம்பின் வளைவுக்காகப் பிடித்துத் தைக்கிற மடிப்பான டார்ட் அரை அங்குலம் நகர்ந்தாலே முகம் மாறிவிடும், லைனிங்கும் கொக்கிப் பட்டியும் வேறு. கை பழகுவதற்குள் தீபாவளிச் சேலையின் பிளவுஸ் பிட்டில் கை வைக்காதீர்கள். உங்களுக்குச் சரியாக இருக்கிற பழைய பிளவுஸ் ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் இஸ்திரி போட்டுத் தாளில் வரையுங்கள். முன்துண்டில் டார்ட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஊசியால் குத்திக் குறியுங்கள். முதல் இரண்டு மூன்று சாதாரண டூ பை டூ துணியில், வீட்டில் போடுவதற்கு. தாளில் தேதி எழுதி வையுங்கள். உடம்பு மாறும், வருடத்துக்கு ஒரு தடவை டேப் வைத்து அளந்து தாளையும் திருத்த வேண்டியிருக்கும்.